உக்ரைனுக்கு அமெரிக்க ராணுவ உதவி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, அமெரிக்கா உக்ரைனுக்கு இத்தனை பில்லியன் டாலர் கொடுத்தது என்று செய்தியில் வருகிறதே, அந்தப் பணம் நேராக கீவ் அரசின் கணக்கில் போய் விழுகிறதா?

பதில்: ராணுவ உதவியில் பெரும்பகுதி பொருளாகத்தான் போனது தம்பி. 1961-இன் வெளிநாட்டு உதவிச் சட்டப்படி, அமெரிக்க ராணுவக் கிடங்கில் இருப்பதை எடுத்துக் கொடுக்க, நாடாளுமன்றம் வகுத்த உச்சவரம்புக்குள் அதிபரின் உத்தரவே போதும், சில நாட்களிலேயே விமானம் ஏறிவிடும். போலந்தின் ஜெஷூஃப் நகரத்தில் இறங்கி, அங்கிருந்து எல்லையைத் தாண்டும். காலியான கிடங்கை நிரப்பப் புதிதாக வாங்குகிறார்களே, அந்தப் பணம் பெரும்பாலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கே போகிறது. இன்னொரு வழி, உக்ரைனுக்கென்றே கம்பெனிகளிடம் ஆர்டர் கொடுப்பது. அதில் சரக்கு கைக்கு வர மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும்.

கேள்வி: பழைய சரக்கைத் தள்ளிவிட்டு புது விலை போடுகிறார்கள் என்கிறார்களே சார்?

பதில்: விலை விஷயம் உண்மை. பழைய ஆயுதத்துக்கு அதன் இன்றைய மதிப்பைப் போடாமல், புதிதாக வாங்கினால் ஆகும் விலையைப் போட்டுவிட்டோம் என்று 2023 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே ஒப்புக்கொண்டது. இரண்டு வருடத்தில் 6.2 பில்லியன் டாலர் கூடுதலாகக் கணக்கில் ஏறியிருந்தது. ஆனால் பழசு என்றால் உதவாது என்று நினைக்காதீர்கள். 1980களில் பணிக்கு வந்த பிராட்லி கவச வண்டியை உக்ரைன் வீரர்கள் இன்றும் உயர்வாகச் சொல்கிறார்கள், வண்டி போனாலும் உள்ளே இருந்தவர்கள் பிழைத்து வந்தார்கள் என்பதுதான் காரணம்.

கேள்வி: 2024-இல் உதவி தாமதமானதால் அப்படி என்ன ஆகிவிட்டது? சும்மா ஊதிப் பெரிதாக்குகிறார்களோ?

பதில்: இல்லைங்க, எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 45 கிலோ. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில், ஒரு காலத்தில் ரயில் இன்ஜின் பழுதுபார்த்த பழைய கட்டடத்தில், எஃகுத் துண்டைச் சிவக்கக் காய்ச்சி அழுத்தி, குண்டின் வெளி ஓட்டைச் செய்கிறார்கள். அப்புறம் அது அயோவா மாநிலத்துக்குப் போய்த்தான் உள்ளே வெடிமருந்து நிரப்பப்படுகிறது. போருக்கு முன்பு அமெரிக்காவின் மொத்த உற்பத்தியே மாதம் சுமார் 14,000 குண்டுதான், அதனால் அவசரம் என்றதும் கொட்டிவிட முடியாது. இந்த நிலையில் 2023 அக்டோபரில் அப்போதைய அதிபர் பைடன் கேட்ட நிதி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் சிக்கிக்கொண்டது, டிசம்பர் கடைசிக்குப் பிறகு மார்ச்சில் எங்கெங்கோ மிச்சம் பிடித்த 300 மில்லியன் டாலரைத் தவிர பெரிதாக எதுவும் போகவில்லை. எதிரில் ரஷ்யப் படை சரமாரியாகச் சுட, உக்ரைன் பீரங்கிப் படை குண்டுகளை எண்ணி எண்ணிச் சுட்டது. பிப்ரவரி 17-ஆம் தேதி கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரத்தை விட்டு வெளியேறினார்கள். ஆள் பலம், ரஷ்யாவின் வான்குண்டுகள் என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் குண்டுப் பஞ்சம் அதில் பெரிய பங்கு. கடைசியில் ஏப்ரல் 20 அன்று 311-க்கு 112 என்று அவையில் நிறைவேறியது, சுமார் 61 பில்லியன் டாலர். நான்கு நாளில் பைடன் கையெழுத்துப் போட்டார். அவ்தீவ்கா திரும்பி வரவில்லை.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இருந்த லென்ட்-லீஸ் (ஆயுதங்களை இரவலாகவோ குத்தகைக்கோ கொடுக்கும் சட்டம்) மாதிரி ஒன்று வந்ததே, அது என்னாச்சு?

பதில்: 2022 மே 9 அன்று சட்டமானது. ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமலே 2023 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது.

கேள்வி: 2025 மார்ச்சில் டிரம்ப் நிறுத்தினாரே, சில நாள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

பதில்: பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியோடு வாக்குவாதம், அடுத்த சில நாளில் ஆயுதம் நின்றது, உளவுத் தகவலும் நின்றது. மார்ச் 11 அன்று சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் அமெரிக்காவும் உக்ரைனும் பேசிய பிறகுதான் திரும்ப வந்தது. ஆயுதம் ஒரு வாரம் நின்றால் கையிருப்பை வைத்துச் சமாளிக்கலாம். உளவுத் தகவல் அப்படியில்லை, ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கையை நேற்றே சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: ஆயுதம் கொடுப்பதால்தானே தோழர் போர் நீளுகிறது?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் படையெடுத்து வந்தது ரஷ்யா. 1994-இல் புடாபெஸ்டில், உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிட, அதன் எல்லைகளை மதிப்போம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் கையெழுத்துப் போட்டன. ஆயுதத்தை நிறுத்தினால் போர் நிற்காது, சண்டைக்கோடு மேற்கே நகரும், அவ்வளவுதான். வரும் ஏவுகணைகளை வானிலேயே அடித்து வீழ்த்தும் பேட்ரியாட் ஏவுகணை தீர்ந்த இரவில் கீவ் அடுக்குமாடிகளில் இருப்பவர்களைக் காப்பாற்ற வேறு என்ன இருக்கிறது என்று என்னிடம் யாராவது சொன்னால் கேட்கத் தயார்.