நடுவில் தெரிகிற புள்ளி நடுப்புள்ளியா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. ஏசி என்ற 30 செ.மீ. கோட்டுத்துண்டின் மேல் பி ஒரு புள்ளி. ஏபி = 3எக்ஸ் − 1, பிசி = 2எக்ஸ் + 6. ஏபி எவ்வளவு? அவளுக்கு 20 வருகிறது. விடைப்பகுதியில் 14 என்று இருக்கிறது. 'இரண்டையும் சமப்படுத்து' என்றுதான் டியூஷனில் சொன்னார்களாம். எது சரி?

பதில்: 14தான் சரி. சமப்படுத்தினால் எக்ஸ் = 7 வரும்; ஏபி 20, பிசியும் 20. கூட்டிப் பாருங்கள், 40. முழு நீளமே 30தானே?

'பி நடுப்புள்ளி' என்று கணக்கில் எழுதியிருந்தால் சமப்படுத்தலாம். படத்தில் இரண்டு துண்டின் மேலும் ஒரே மாதிரி சிறு கோடு போட்டிருந்தாலும் சரி. நடுவில் இருப்பதுபோலத் தெரிகிறது என்பதெல்லாம் காரணம் ஆகாது. 14-ம் 16-ம் கண்ணுக்கு நடுவாகத்தான் தெரியும்.

துண்டுகளைக் கூட்டினால் முழுக்கோடு. அவ்வளவுதான் விஷயம். 5எக்ஸ் + 5 = 30, எக்ஸ் = 5. இங்கேயே பேனாவை மூடிவிடுகிற பிள்ளைகள் நிறைய. கேட்டது எக்ஸ் இல்லை, ஏபி. 3 × 5 − 1 = 14. அப்புறம் பிசி 16, கூட்டினால் 30 என்று ஒரு வரி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வரி எழுதியிருந்தால் 20 அன்றைக்கே மாட்டியிருக்கும். ஆனால் மதிப்பெண் இல்லாத வரியை எந்தப் பிள்ளை எழுதும்? நம் தேர்வுமுறை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது.

'இந்த மாதிரி படமா, இதைச் செய்' என்று ஷார்ட்கட் நோட்ஸ் விற்பவர்களிடம் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். அந்த நோட்ஸ்களில் இன்னொன்றும் இருக்கும்: 'எக்ஸ் குறை எண்ணாக வந்தால் அடித்துவிடு'. இது தப்பு. நீளம்தான் குறை எண்ணாக வரக்கூடாது, எக்ஸ் வரலாம். ஏபி = எக்ஸின் வர்க்கம், பிசி = 5 − எக்ஸ், ஏசி = 11 என்று வையுங்கள். எக்ஸுக்கு 3, −2 என இரண்டு விடை. 3 போட்டால் துண்டுகள் 9, 2. −2 போட்டால் 4, 7. இரண்டிலும் கூட்டுத்தொகை 11, இரண்டுமே செல்லும். −2ஐ அடித்தால் ஒரு விடை போய்விடும். அடுத்த வருடம் இருபடிச் சமன்பாடு வரும்போது உங்கள் மகளுக்கு இது தேவைப்படும், இப்போதே சொல்லி வையுங்கள்.