தவணை விடுமுறை முடிந்ததும் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போக ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறது?

ஏ.டி.எச்.டி. என்றால், கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் உடலை ஓரிடத்தில் இருத்தவும் மூளை சிரமப்படுவது. பொறுத்திருக்க, திட்டமிட உதவுகிற மூளையின் முன்பகுதி இவர்களில் பலருக்குச் சில வருடம் பிந்தித்தான் முதிர்கிறது. இரணைமடுக் குளம் நிரம்பிக் கிடந்தாலும் துருசைத் திறக்க முடியாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வராதே, அப்படித்தான் இதுவும்: அறிவு நிறைய இருக்கிறது, துருசுதான் இறுகிக் கிடக்கிறது. தினசரி ஒழுங்குதான் அதைத் திருப்புகிற கைபிடி, விடுமுறையில் அது கழன்றுவிடும்.

அதனால் பள்ளிக்கூடம் தொடங்க 2 கிழமைக்கு முன்பே நித்திரை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் "கெதியா வெளிக்கிடு" என்று சத்தம் போட்டால் பிள்ளை ஒற்றைச் சப்பாத்தோடு வாசலில் நின்று காகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் சப்பாத்து, அது முடிந்தபிறகு கொப்பி, அப்புறம் தண்ணீர்ப் போத்தல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரை முன்கூட்டியே கண்டு, முன் வாங்கில் இருத்தச் சொல்லுங்கள். வாசிப்பில், எழுத்தில் தடுமாறுகிற பிள்ளை என்றால் வாயால் பதில் சொல்ல விடும்படியும் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

"நாலு அடி போட்டால் சரியாகும்" என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் இது சோம்பலும் இல்லை, வளர்ப்புப் பிழையும் இல்லை, அடித்தால் பயம்தான் வரும், கவனம் வராது.