குற்றாலத்தில் குளியல் முதலில், கொள்முதல் கடைசியில்

கேள்வி: சிவகாசியில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. ஆடி மாதத்தில் மாமியார், இரண்டு பிள்ளைகளோடு (6, 9 வயது) காரில் குற்றாலம் போய்விட்டு அன்றிரவே திரும்ப நினைக்கிறோம். போன வருடம் பேரருவியில் குளிக்கவே விடவில்லை. மூன்று மணி நேரம் நின்றதுதான் மிச்சம். வாங்கிய ரம்புட்டான் வீடு வருவதற்குள் கறுத்துவிட்டது, மங்குஸ்தானில் பாதி கல்லாக இருந்தது, தேன் ஒரே மாதத்தில் சீனி மாதிரி உறைந்துவிட்டது. இந்த முறை நாத்தனாருக்காகத் துரியன் வேறு வாங்கி வரச் சொல்கிறார்கள். எதை, எங்கே, எப்படி வாங்குவது?
– வாசகி, சிவகாசி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தால், போனவுடன் பழம் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு அருவிக்குப் போயிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் நாள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு உங்கள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ‘அன்று போகலாமே’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டுவதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆடி அமாவாசையன்றும் குற்றாலத்தில் கூட்டம் நெரியும். சாதாரண ஞாயிறு போதும், ஆனால் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாக ஆறரை, ஏழுக்குள் அருவிக்கரையில் நிற்கலாம். ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் தேடவே ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்து, குளிக்கத் தடை. குற்றாலத்தில் வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வரும். மழை பெய்வது மேலே மலையில்; தண்ணீர் கீழே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் போலீஸார் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். அவர்கள் விசிலடிக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கவனிக்கலாம்: தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது, சுள்ளியும் இலையும் சேர்ந்து விழுவது, இரைச்சல் திடீரென்று கனப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றதை மறந்துவிட வேண்டாம்.

தடை என்றால் எல்லா அருவிக்கும் தடை என்று அர்த்தமில்லை. பேரருவியில் நிறுத்தினால் ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி நிலவரத்தை அங்கேயே பணியில் இருக்கும் போலீஸாரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் புலியருவியே பொருத்தம். உயரம் குறைவு, அடி மெதுவாக விழும். எல்லா இடத்திலும் தடை என்றால் அருவிக்கரையில் நிற்காமல் குற்றாலநாதர் கோயிலுக்கும், நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபைக்கும் போய் வாருங்கள். அங்குள்ள சுவரோவியங்களை ஆற அமரப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். மலையில் மழை விட்டால் பல நாட்களில் சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும்.

மாமியாரை நேராகத் தலையில் தண்ணீர் விழும் இடத்தில் நிற்க விடாதீர்கள். ஓரத்தில், தோளில் விழும்படி நின்றால் போதும். மூக்குக்கண்ணாடி, பல்செட், தளர்ந்த தோடு எல்லாவற்றையும் வண்டியிலேயே கழற்றி வைக்கட்டும். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்குத் தடை உண்டு. கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கு பறித்துக்கொள்ளும். உள்ளே இருப்பது தெரியும் பை என்றால் கேட்கவே வேண்டாம்.

குளியல் முடிந்து, சாப்பிட்டு, கிளம்பும் நேரத்தில் பழம் வாங்குங்கள். அருவி வாசலில் முதலில் கண்ணில் படும் கடையில் வேண்டாம். ஐந்தருவி சாலையில் நான்கு கடை விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். தராசில் பையை வைத்ததும் பூஜ்யம் காட்டச் சொல்லிவிட்டுப் பழத்தைப் போடச் சொல்வது நல்லது.

ரம்புட்டான் பறித்த பிறகு பழுக்காது. பறிக்கும்போது என்ன இனிப்போ அவ்வளவுதான். ஆகவே ‘இரண்டு நாளில் பழுத்துவிடும்’ என்று பச்சையும் மஞ்சளுமாக இருப்பதைத் தந்தால் வாங்காதீர்கள். தோல் நல்ல சிவப்பாக, முள்மயிர் விறைப்பாக, அதன் நுனி இன்னும் பச்சையாக இருந்தால் புதுசு. மயிர் நுனி கறுத்துச் சுருண்டிருந்தால் பறித்து இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது. கடைக்காரர் தண்ணீர் தெளித்திருப்பார். அந்த மினுமினுப்பை நம்பாமல் குவியலின் அடியிலிருந்து ஒரு பழம் எடுத்துப் பாருங்கள். கறுப்பது ஏனென்றால், அந்த மயிர் வழியாகத்தான் பழத்தின் ஈரம் ஆவியாகிப் போகிறது. டிக்கியின் சூட்டில் நாலைந்து மணி நேரம் கிடந்தால் எந்த ரம்புட்டானும் தாங்காது. ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, ஏசி படும் இடத்தில், காலடியில் வைத்துக் கொண்டு வாருங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில், ஓட்டை போட்ட பையில் வைத்தால் ஒரு வாரம் வரை இருக்கும். காற்றுப் புகாத பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொட்டையை எடுத்துவிட்டே கொடுங்கள். வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

மங்குஸ்தானில் உங்களுக்குக் ‘கல்’ கிடைத்ததற்குக் காரணம், அழுத்திப் பார்க்காமல் வாங்கியது. நல்ல பழத்தின் ஓடு விரலுக்குச் சற்று நெகிழும். கட்டையாக இருப்பது காய் அல்ல, பழசாகி உலர்ந்தது. உள்ளே சுளை பழுப்பாகிக் கெட்டிருக்கும். காம்பும் அதைச் சுற்றிய இதழ்களும் பச்சையாக இருக்க வேண்டும். ஓட்டின் மேல் மஞ்சள் பிசின் வழிந்து காய்ந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். உள்ளேயும் பிசின் இறங்கியிருந்தால் சுளை கசக்கும். இன்னொன்று, பழத்தின் அடியில் சிறு பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமுள்ளதை எடுத்தால் சிறு சுளைகள் கூடுதலாக, கொட்டை குறைவாக இருக்கும். பிள்ளைகளிடம் எண்ணச் சொன்னால் அரை மணி நேரம் சண்டை போடாமல் வருவார்கள். ஓட்டின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

துரியன் விஷயத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். அதைச் சாப்பிட்டால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் ஒரு பழத்துக்கு அவ்வளவு விலை சொல்கிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. ருசிக்காக வாங்குவதென்றால் வாங்குங்கள். கார் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். நாத்தனாரும் அவர் கணவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க அந்தப் பணம் உதவும். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தேன் உறைந்தது என்பதற்காக அது கலப்படம் என்று முடிவு செய்ய வேண்டாம். சுத்தமான தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். கொதிநீர் வேண்டாம். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வித்தைகளைக் கடைக்காரர் செய்து காட்டினால் ரசித்துவிட்டு நகருங்கள். கெட்டியான வெல்லப்பாகும் அதே சோதனையில் தேறிவிடும். லேபிளே இல்லாத பாட்டிலில் ‘மலைத்தேன்’ என்று விற்பதை விட்டுவிட்டு, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அக்மார்க் முத்திரையும் உள்ளதை வாங்குங்கள்.

கிராம்பு வாங்கினால் மொட்டை நகத்தால் அழுத்துங்கள், எண்ணெய் கசிய வேண்டும். எண்ணெய் வடித்தெடுத்த கிராம்பு சருகாக நொறுங்கும். ஜாதிக்காயை ஓட்டோடு வாங்குவதானால் காதருகே குலுக்கினால் உள்ளே ஆட வேண்டும். ஆடாதது சரியாகக் காயவில்லை, வீட்டில் பூஞ்சை பிடிக்கும். நேந்திரங்காய் சிப்ஸைச் சாரலில் திறந்து வைத்து விற்கும் கடையில் வாங்காதீர்கள். மொறுமொறுப்பு போயிருக்கும்.

சூரியகாந்திப் பூ பார்க்க ஆசை இருந்தால், பழம் வாங்குவதற்கு முன்பே தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் போய் வந்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பக்கம் வயல்கள் மஞ்சளாக இருக்கும். முற்றிய பூ சூரியனோடு சுற்றுவதில்லை, கிழக்கு நோக்கியே நிற்கும். அதனால் காலையில்தான் படம் நன்றாக வரும்; மதியத்துக்கு மேல் போனால் பூவின் முகத்தில் நிழல் விழுந்திருக்கும். வயலுக்குச் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பிலேயே நில்லுங்கள். பூவுக்குள் தேனீ இருக்கும், பிள்ளைகள் முகத்தைக் கொண்டு போக வேண்டாம்.

திரும்பும் வழியில் புளியங்குடியில் வண்டியை நிறுத்தினால் எலுமிச்சை வாங்கலாம். அந்த ஊரின் பெயரே அதனால்தான் வெளியே தெரியும். ஊறுகாய்க்கு மெல்லிய தோலும் கையில் கனமும் உள்ள முழு மஞ்சள் பழமாகப் பொறுக்குங்கள். பச்சை ஓடியது கசக்கும். ஒரு கிலோ பழத்துக்கு 200 கிராம் கல்லுப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய பழத்தை ஈரம் போகத் துடைத்து, அன்றிரவே நறுக்காமல் மறுநாள் காற்றாட வைத்த பிறகு நறுக்குங்கள்.