புது டிரான்சால்ப், பழம் தின்று கொட்டை போட்ட போட்டியாளர்கள்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹோண்டா எக்ஸ்எல்750 டிரான்சால்ப் என்ற அட்வெஞ்சர் மோட்டார் சைக்கிளைப் பற்றியவை. பெயர் 1987-லேயே வந்துவிட்டது. அன்று அது 583 சிசி வி-ட்வின், அதாவது வி வடிவில் இரண்டு சிலிண்டர்கள். 2022 நவம்பரில் மிலான் கண்காட்சியில் ஹோண்டா காட்டியது முற்றிலும் வேறு வண்டி: 755 சிசி, பக்கத்தில் பக்கமாக இரண்டு சிலிண்டர்கள். எதிரே நிற்பவை 2019 முதல் தயாராகும் யமஹா டெனரே 700, சுசுகியின் வி-ஸ்ட்ரோம் 800டிஇ. சுசுகியும் அதே கண்காட்சியில் வந்த வண்டிதான், ஆனால் வி-ஸ்ட்ரோம் வரிசைக்கு 2002-லிருந்து வரலாறு உண்டு. கீழே உள்ள எண்கள் இந்த வண்டிகள் முதலில் வந்தபோது நிறுவனங்கள் சொன்னவை. ஆண்டுக்கு ஆண்டு, நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்.

டிரான்சால்ப் 91.8 பிஎஸ் (குதிரைத்திறன்), டெனரே 73 பிஎஸ். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இன்னும் டெனரேயைப் புகழ்கிறார்களே, ஏன்?

அந்த 91.8 பிஎஸ் எப்போது கிடைக்கிறது என்று பாருங்கள்: இன்ஜின் நிமிடத்துக்கு 9,500 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போது. கல்லும் மண்ணுமான ஏற்றத்தில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே வேலை நடப்பது 3,000-க்கும் 5,000-க்கும் இடையில்.

காரணம் இன்ஜினின் அளவுகளிலேயே இருக்கிறது. டிரான்சால்ப்பின் சிலிண்டர் விட்டம் 87 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 63.5 மி.மீ. டெனரேயில் 80-க்கு 68.6. சுசுகியில் 84-க்கு 70. அகலமான பிஸ்டன், குறைந்த தூரம் என்றால் இன்ஜின் வேகமாகச் சுற்றலாம், உச்சத்தில் அதிக பவர் தரலாம். ஹோண்டாவின் சாலை வண்டியான ஹார்னெட் 750-இன் அதே இன்ஜின்தான் இது என்பதால் அந்தக் குணம் ஆச்சரியமில்லை. டார்க் (இழுக்கும் விசை) கணக்கில் பார்த்தால் இடைவெளி சுருங்குகிறது: ஹோண்டா 7,250 ஆர்பிஎம்மில் 75 நியூட்டன் மீட்டர், யமஹா 6,500-இல் 68, சுசுகி 6,800-இல் 78. ஆக, ஹோண்டாவை விட 7 பிஎஸ் குறைவான சுசுகிதான் மூன்றிலும் அதிகம் இழுக்கிறது, அதுவும் ஹோண்டாவுக்கு முன்பே.

நெடுஞ்சாலையில், பெட்டிகளும் பின்னால் ஆளும் இருக்கும்போது லாரியை முந்த வேண்டுமா, ஹோண்டாதான். சோம்பேறித்தனமாக ஒரே கியரில் மலை ஏற ஆசையா, சுசுகி. டெனரேயின் புகழுக்கும் பவருக்கும் பெரிய சம்பந்தமில்லை. சஸ்பென்ஷன், எடை, தரையிலிருந்து 240 மி.மீ. உயரம், எளிமை ஆகியவற்றுக்காகத்தான் அதை வாங்குகிறார்கள். மூன்றிலும் கிராங்க் தண்டில் இரண்டு பிஸ்டன்களும் 270 டிகிரி தள்ளி அமைந்திருப்பதால் சத்தத்தில்கூட அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். இந்த மூன்றில் எதையாவது நான் ஓட்ட முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். சீட் உயரம் ஹோண்டாவில் 850 மி.மீ., சுசுகியில் 855, யமஹாவில் 875. இந்த எண் மட்டும் போதாது. சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம், நீங்கள் உட்கார்ந்ததும் பின் ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் சேர்ந்தே கால் தரையைத் தொடுவதைத் தீர்மானிக்கின்றன. ஒல்லியான சீட் உள்ள உயரமான வண்டி, அகலமான சீட் உள்ள குட்டையான வண்டியை விடச் சுலபமாக இருப்பதுண்டு.

முதலில் பின் பிரீலோடு (ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம்) உங்கள் எடைக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது நிறுவனமே தரும் தாழ்ந்த சீட். வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டான லோயரிங் லிங்க் கடைசி வழி. அதைப் போட்டால் பின்பக்கம் இறங்கும், முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும், வண்டி திரும்புவது மந்தமாகும். கூடவே சைடு ஸ்டாண்டையும் வெட்டிச் சுருக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்தும்போது வண்டி நிமிர்ந்தே நின்று, லேசாக இடித்தாலும் மறுபக்கம் சாயும். லிங்க்கை மாட்டிவிட்டு ஃபோர்க்கை அப்படியே விடுகிறவர்கள்தான் பிறகு 'வண்டி சரியில்லை' என்கிறார்கள். ஃபோர்க்கையும் கிளாம்பில் அதே விகிதத்தில் மேலே ஏற்றினால் வளைவில் பழைய குணம் ஓரளவு திரும்பும்.

நிற்கும்போது ஒரு காலை மட்டும் ஊன்றி, மறுகாலைப் பின் பிரேக்கில் வைக்கப் பழகுங்கள். சரிவான இடத்தில் எந்தப் பக்கக் கால் ஊன்ற வேண்டும் என்பதை நிற்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். உயரமானவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

வி-ஸ்ட்ரோம் 800டிஇ 230 கிலோ, டிரான்சால்ப் 208. ஓடும்போது எடை தெரியாது என்கிறாரே நண்பர்?

ஓடும்போது தெரியாதுதான். விழுந்த பிறகு தெரியும். மணலில் தெரியும், யூ-டர்னில் தெரியும், பார்க்கிங்கில் பின்னோக்கித் தள்ளும்போது தெரியும்.

'சுசுகியில் டேங்க் பெரிசு, அதனால்தான் எடை' என்றும் சொல்வார்கள். 20 லிட்டருக்கும் 16.9 லிட்டருக்கும் வித்தியாசம் 3.1 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தாலும் இரண்டரை கிலோவைத் தாண்டாது. மீதி ஏறத்தாழ இருபது கிலோ வண்டியின் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்த எடை வீண் அல்ல. முன்னும் பின்னும் 220 மி.மீ. சஸ்பென்ஷன் பயணம் கிடைக்கிறது. ஃபோர்க்கில் பிரீலோடு, கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகம்), ரீபவுண்டு (திரும்பி எழும் வேகம்) மூன்றையும் உங்கள் விருப்பப்படி திருகிக்கொள்ளலாம். முதலில் வந்த டிரான்சால்ப்பில் பிரீலோடு மட்டும்தான். சாதாரணச் சாலைக்கு அது போதும். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் வேகமாகப் போனால் முன் ஃபோர்க் அடிவரை அமுங்கி முட்டும்.

நேர்ப்பேச்சாகச் சொன்னால், டிரான்சால்ப் மண்பாதையையும் சமாளிக்கும் சாலை வண்டி. டெனரே சாலையையும் பொறுத்துக்கொள்ளும் மண்பாதை வண்டி. சுசுகி நடுவில், ஆனால் கனமாக.

மூன்றிலும் ஸ்போக் வீல், உள்ளே ட்யூப். இந்தக் காலத்திலுமா?

எனக்கும் இது எரிச்சல்தான். ஸ்போக் ரிம் பாறையில் அடி வாங்கினால் கொஞ்சம் நெளியும், உடையாது. தட்டி நிமிர்த்தி, ஸ்போக்கை இறுக்கி ஓட்டலாம். வார்ப்பு அலாய் விரிசல் விட்டால் கதை முடிந்தது. ஆனால் சாதாரண ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு ஸ்போக்கும் நுழையும் துளை வழியாகக் காற்று கசியும், அதனால் ட்யூப் வேண்டியிருக்கிறது. ஸ்போக்குகளை ரிம்மின் விளிம்பில் மாட்டி ட்யூப்லெஸ் ஆக்கும் முறை எப்போதோ வந்துவிட்டது. விலையுயர்ந்த வண்டிகளில் தாராளமாகக் கொடுக்கிறார்கள், இந்த வகுப்பில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

விளைவு என்னவென்றால், பஞ்சரானால் ஒட்டுக் குச்சியைக் குத்திவிட்டுக் கிளம்ப முடியாது. வீலைக் கழற்றி, டயரின் விளிம்பைப் பெயர்த்து, ட்யூபை மாற்ற வேண்டும். எனவே டயர் லிவர்கள், ஆக்சில் அளவுக்கான ஸ்பானர், கைப்பம்பு, முன் வீலுக்கு 21 அங்குல ட்யூப், பின் வீலுக்கான அளவில் இன்னொரு ட்யூப் கட்டாயம். இடமில்லையென்றால் 21 அங்குலம் ஒன்றையாவது வையுங்கள். அவசரத்துக்குப் பின் டயரிலும் அதை மடித்துத் திணித்து, மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒருமுறை வீலைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். முதல் தடவையை இருட்டில், மழையில் செய்ய வேண்டாம்.

தார்ச்சாலையை விட்டு இறங்குவதே அபூர்வம் என்றால், 19 அங்குல அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும் உள்ள சாதாரண வி-ஸ்ட்ரோம் 800-ஐப் பாருங்கள். பெயரில் டிஇ இல்லை என்பதற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

டிராக்‌ஷன் கன்ட்ரோல், மோடுகள் எல்லாம் உண்மையில் தேவையா?

ஈரமான தார்ச்சாலையில் தேவை. ஆழமான மணலில் தொல்லை: பின்வீல் சுழன்றால்தான் வண்டி முன்னேறும், கன்ட்ரோல் பவரை வெட்டினால் அங்கேயே புதைந்து நிற்பீர்கள். ஹோண்டாவில் ஸ்போர்ட், ஸ்டாண்டர்டு, ரெயின், கிராவல், யூசர் என ஐந்து மோடுகள். பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்வீலில் அணைக்கலாம். சரளைக்கல் இறக்கத்தில் அது முக்கியம், ஏபிஎஸ் விட்டு விட்டுப் பிடித்தால் வண்டி நிற்காமல் உருண்டுகொண்டே போகும். டெனரேயில் ஆரம்பத்தில் ஏபிஎஸ் பொத்தானைத் தவிர வேறு எதுவும் கிடையாது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2025 மாடலில்தான் வந்தது.

எனக்கு வருத்தம் வேறு. த்ராட்டில் கேபிள் இல்லாத மின்முறையில் இருந்தும் டிரான்சால்ப்பிலும் 800டிஇயிலும் க்ரூஸ் கன்ட்ரோல் (த்ராட்டிலைத் திருகிப் பிடிக்காமலே வேகத்தைக் காக்கும் வசதி) தராமல் விட்டார்கள். தொலைதூர வண்டி என்று விற்கும்போது இது சாக்குச் சொல்ல முடியாத குறை.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வைத்திருக்கிறேன். 750-க்கு மாறினால் எடை பயமுறுத்துமா?

ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. டிரான்சால்ப் 208, டெனரே ஏறத்தாழ 205. பன்னிரண்டு கிலோ கூட்டினால் உங்கள் 40 பிஎஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. எடைக்காகத் தயங்க வேண்டாம். பவருக்காகத் தயங்கலாம்: ஈரமான வளைவில் வலது மணிக்கட்டு செய்யும் சிறு தவறுக்கு 450 கொடுக்கும் மன்னிப்பு இங்கே கிடைக்காது. முதல் சில வாரங்கள் ரெயின் மோடிலேயே ஓட்டினால் தப்பில்லை. அதே நேரம், மலைப்பாதையில் நாள் முழுக்க 60-70 கி.மீ. வேகத்தில் போவதுதான் உங்கள் பயணம் என்றால் மாறவே வேண்டாம். 825 மி.மீ. சீட்டும் 200 மி.மீ. சஸ்பென்ஷன் பயணமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

ஒரு டேங்க்கில் எவ்வளவு தூரம்?

லிட்டருக்கு 23 கி.மீ. என்று ஹோண்டா சொல்வதைப் பெருக்கினால் 390 கி.மீ. வரும். அது சோதனைக்கூடக் கணக்கு. பெட்டிகள், எதிர்க்காற்று, நெடுஞ்சாலை வேகம் எல்லாம் சேர்ந்தால் 300-ஐத் தாண்டியதும் பங்க்கைத் தேடத் தொடங்குங்கள். டெனரேயின் 16 லிட்டரும் ஏறக்குறைய இதே. பங்க்குகள் அரிதான வழி என்றால் சுசுகியின் 20 லிட்டர்தான் நிம்மதி.

இதற்கு பதில் நேராக பிஎம்டபிள்யூ ஆர்1300ஜிஎஸ் வாங்கினால்?

பணம் தடையில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விதான். 1,300 சிசி பாக்ஸர் (இருபுறமும் படுத்த சிலிண்டர்கள்), 145 குதிரைத்திறன், எடை 237 கிலோ. அதாவது 800டிஇயை விட ஏழு கிலோதான் அதிகம், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். முந்தைய 1250-ஐ விட 12 கிலோ இளைத்திருக்கிறது. நின்றால் தானாகவே 850-லிருந்து 820 மி.மீ.க்குத் தாழும் வசதியும் தனியாகக் கிடைக்கும். ஆனால் அந்த 237 கிலோ எதையும் கூடுதலாக மாட்டாத வண்டிக்கு. ஜிஎஸ்ஸை யாரும் அப்படி வாங்குவதில்லை.

டெஸ்ட் ரைடு அரைமணி நேரம்தான் தருகிறார்கள். எதைப் பார்ப்பது?

முதலில் நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளி, முழுதாக ஹேண்டிலைத் திருப்பி ஒரு வட்டம் சுற்றுங்கள். பிறகு ஃபுட்பெக்கில் எழுந்து நில்லுங்கள்: குனியாமல் ஹேண்டில் பிடிக்க வருகிறதா, முழங்கால் டேங்க்கைக் கவ்வுகிறதா? இடமிருந்தால் முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி பிடித்து எட்டு போடுங்கள். அதன் பிறகு நெடுஞ்சாலையில் நூறு கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம். ஹெல்மெட்டைச் சுற்றிக் காற்று இரைகிறதா என்பதை அப்போது கவனியுங்கள், ஒவ்வொருவரின் உயரத்துக்கும் விண்டுஸ்கிரீன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.