ரூட் பீரில் தைல வாசனை வந்தால் கெட்டுப்போனதா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டில் இருக்கிறேன். சிறிய தயாரிப்பாளர் ஒருவரின் ரூட் பீர் (வேர், பட்டை வாசனையுள்ள, போதையில்லாத சோடா) என்று மருமகன் வாங்கி வந்தார். வாயில் வைத்ததும் மூட்டுவலித் தைல வாசனை! கெட்டுப்போனதா? நல்ல ரூட் பீரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கெட்டுப்போகவில்லை, தைரியமாகக் குடியுங்கள். அது விண்டர்கிரீன் என்ற செடியின் வாசனை. அந்த இலையின் எண்ணெயில் உள்ள மெத்தில் சாலிசிலேட்தான் வலித் தைலங்களிலும் சேர்கிறது. நமக்கு அது மருந்து. அங்கே வளர்ந்தவர்களுக்கு மிட்டாய்.

1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் சார்லஸ் ஹையர்ஸ் என்ற மருந்துக் கடைக்காரர் இந்தப் பானத்தைப் பிரபலமாக்கினார். அந்தக் காலத்தில் சசாஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டைதான் இதன் உயிர். அதிலுள்ள சாஃப்ரோல் எலிகளுக்குக் கல்லீரல் புற்றை உண்டாக்கியதால், 1960இல் அமெரிக்க அரசு அதை உணவில் தடை செய்தது. அதனால் இன்றைய ரூட் பீரில் விண்டர்கிரீனுக்குத்தான் பெரிய பங்கு.

சரி, சுவைக்கும் முறைக்கு வருவோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வையுங்கள். ஐஸ் வேண்டாம், நாக்கு மரத்துப்போனால் எல்லா ரூட் பீரும் ஒன்றுதான். கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் பொடிக் குமிழ்களோடு வெளிர்பழுப்பு நுரை எழும். பார்க்க அழகு, ஆனால் அதற்காக மதிப்பெண் போடாதீர்கள். யுக்கா, குயில்லாயா என்ற தாவரங்களின் சாறு சேர்த்தாலே அப்படி நுரைக்கும்.

முதலில் முகருங்கள். பிறகு ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் கொஞ்சம் நிறுத்துங்கள். தைல வாசனை முன்னால் வந்து, வனிலாவுக்கு வழிவிட்டு, விழுங்கியபின் அதிமதுரமோ சோம்போ லேசான கசப்போடு நிற்க வேண்டும். மட்டமான சரக்கில் வனிலாவும் சர்க்கரையும் மட்டும்தான் தெரியும். நன்னாரி சர்பத் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். நன்னாரியின் மணப்பொருள் வனிலாவின் மணப்பொருளுக்கு ரசாயனத்தில் பங்காளி.

நான் கடைசியாக நம்புவது ஒரே சோதனையைத்தான். டம்ளரில் இரண்டு மடக்கு மிச்சம் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள். குளிர்ச்சியும் காற்றும் போனபின் இனிப்பு மறைய இடமில்லை. அப்போதும் வேர், பட்டை வாசனை தெரிந்தால் அது கைதேர்ந்தவர் செய்தது. வெறும் பாகாக இருந்தால் அடுத்த முறை வேறு பாட்டில் வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 355 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம் சர்க்கரை இருக்கலாம். லேபிளைப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளுங்கள்.