முரசில் இரத்தம் வந்தால் மின்சார பிரஷ் வாங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. காலையில் பல் தீட்டித் துப்பும்போது முரசிலிருந்து இரத்தம் வருகிறது. மின்சார பிரஷ் அனுப்பவா என்று கட்டாரில் இருக்கும் தம்பி கேட்கிறார். பேஸ்புக்கில் ஒருவர், நான்கு பிரஷ் தலை இலவசம் என்று சொல்லி மலிவாகத் தருகிறார். ஒன்றை வாங்கி, தலையை மாற்றி மாற்றி வீட்டார் எல்லாரும் பாவிக்கலாமா? பக்கவாதம் வந்து வலக்கை விளங்காத மாமிக்கு உதவுமா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. மாமிக்குத் தேவை.

கைப்பிரஷ் பாவிப்பதால் இரத்தம் வரவில்லை. பல்லும் முரசும் சேரும் விளிம்பில் அழுக்குப் படலம் நாள்கணக்கில் கிடந்தால் முரசு வீங்கும். வீங்கிய முரசு பட்டதும் கசியும். கீழ்ப்பல்லின் உட்பக்கம் விளிம்பை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக மாப்போல வந்தால் அதுதான் காரணம். இரத்தத்தைக் கண்டு பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டுத் தீட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதனால் படலம் இன்னும் தடிக்கும்.

மென்மையான நாருள்ள சாதாரண பிரஷ் ஒன்றை எடுங்கள். நார் பாதி பல்லிலும் பாதி முரசு விளிம்பிலும் படும்படி 45 பாகை சாய்த்துப் பிடித்து, இரண்டு பல்லாக, இருந்த இடத்திலேயே பத்துத் தடவை சிறிதாக அசைத்து, முரசிலிருந்து பல் நுனியை நோக்கி வழித்துவிடுங்கள். கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்கு பிரஷை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி அங்கே திறப்பதால் காரை (கல்லாக இறுகிய படலம்) முதலில் பிடிப்பது அங்கேதான். முழு வாய்க்கும் இரண்டு நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தரம், அதில் ஒன்று படுக்கப் போகும் முன். எவ்வளவு அழுத்துவது என்று சந்தேகமிருந்தால் சமையலறைத் தராசில் பிரஷை வைத்து அழுத்திப் பாருங்கள். முள் 150 கிராமைத் தொட்டால் போதும். வேகமாகக் குறுக்கே தேய்த்தால் முரசு இறங்கி வேர் தெரியும், கூச்சமும் வரும். பற்பசையில் புளோரைட் 1,000 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்கட்டும். தீட்டிய பின் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அந்தப் புளோரைட் கழுவுப்பட்டுப் போகும்.

மின்சார பிரஷால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, மூன்று மாதத்துக்கு மேல் பாவித்தவர்களுக்குப் படலம் 21 சதவீதமும் முரசு அழற்சி 11 சதவீதமும் குறைந்ததாகக் காட்டுகிறது. ஆனால் விளிம்பைத் தொடாமல் அரை நிமிடத்தில் முடிக்கிறவருக்கு எந்த பிரஷும் கைகொடுக்காது. இறுகிய காரையையும் எந்த பிரஷாலும் எடுக்க முடியாது, பல் வைத்தியர்தான் எடுக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் அது இலவசம். ஆனால் விடியுமுன் போய் நம்பர் எடுக்க வேண்டும், வலியோடு வந்தவர்களைப் பார்த்து முடிக்கவே நேரம் போய்விடும், காரை எடுக்க வந்தவருக்கு ஒரு திகதியைக் கொடுத்து அனுப்புவார்கள். வலி வருமுன் வருகிறவரைக் கடைசியில் நிறுத்தினால் பல் பிடுங்குகிற கூட்டம் எப்படிக் குறையும்? என்றாலும் அந்தத் திகதியை விடாதீர்கள்.

இனி அந்தப் பேஸ்புக் வியாபாரி. பிடி மலிவு, தலை இலவசம் என்பதுதான் பொறி. தலை மூன்று மாதம்தான் நிற்கும், ஆளுக்கு வருடத்துக்கு நான்கு வேண்டும். இலவசத் தலைகள் முடிந்ததும் அதே அளவில் தலை தேடி மட்டக்களப்பு, கல்முனைப் பாமசிகளில் ஏறி இறங்குவீர்கள். வியாபாரியின் பக்கமே அப்போது இருக்காது. ஆகவே முதலில் தலை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேளுங்கள், பிடியின் விலையை அதற்குப் பிறகு பேசலாம். போலித் தலை பிடியில் இறுகாமல் ஆடும், நார் உதிரும், நுனி உருட்டப்படாததால் உதட்டின் உட்பக்கத்தில் வைத்தால் குத்தும். சாதாரணப் பற்றரி போட்டு வெறுமனே அதிரும் சாமானையும் 'சொனிக்' (அதிவேகமாக அதிரும் வகை) என்று விற்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் பெயரும் முகவரியும் இல்லாத ஆளை அவர்கள் எங்கே போய்த் தேடுவது?

தம்பி வாங்குவதானால் கட்டார் மின்சாரமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவிலிருந்து வருவதில்தான் கவனம்: சார்ஜரின் அடியில் 100-240 வோல்ட் என்று இல்லாமல் 120 மட்டும் இருந்தால் இங்கே செருகியதும் எரிந்துவிடும்.

பிடி ஒன்று, தலை ஆளுக்கொன்று என்று பாவிக்கலாம். ஒவ்வொரு தரமும் தலையைக் கழற்றிப் பிடியின் கம்பியையும் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுப்பாகப் பாசி பிடிக்கும்.

மாமியின் விஷயம் வேறு. இடக்கையால் அந்தச் சிறு அசைவைச் செய்வது அவருக்குக் கடினம். மின்சார பிரஷ் அசைவைத் தானே செய்துவிடும்; பல்லுக்குப் பல் நகர்த்தி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி வைத்தால் போதும். சிறிய வட்டத் தலையும் தடித்த பிடியும் உள்ளதாக வாங்குங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்திப் பிடியுங்கள். படுத்தபடி தீட்டினால் நுரை மூச்சுக்குழலுக்குள் போகலாம். பிரஷை வாய்க்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். பற்பசை பயறளவு. விழுங்கச் சிரமப்படுகிறவர் என்றால் வெறும் பூச்சளவு போதும். விளங்காத பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கும், அவருக்கு அது தெரியாது. தீட்டு முன் விரலில் ஈரத்துணி சுற்றி அங்கே வழித்து எடுங்கள். நாளுக்கு ஒரு தரமாவது நீங்களே பின்னால் நின்று தீட்டிவிட வேண்டியிருக்கும். பிரஷ் வந்து சேரும்வரை, சைக்கிள் ஹாண்டிலில் போடும் ரப்பர்ப் பிடியைக் கைப்பிரஷில் செருகிக் கொடுத்தால் கை வழுக்காது.

நீங்கள் மேலே சொன்னபடி தீட்டி வந்தால் இரண்டு வாரத்துக்குள் இரத்தம் குறைய வேண்டும். குறையாவிட்டால், சீனி வியாதியும் காரணமாக இருக்கலாம்; பல் வைத்தியரிடம் போகுமுன் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி பார்த்து, அந்த அறிக்கைத் துண்டையும் கொண்டு போங்கள்.