பினாங்குக்கு எத்தனை அசை?

ஜெலுத்தோங் வாசகர்: சின்னவளுக்கு மலாய் வீட்டுப்பாடம். 'பினாங்' இரண்டு சூக்கு காத்தா (மலாயில் அசைக்குப் பெயர்) என்றாள். தமிழில் 'பினாங்கு' மூன்று ஆயிற்றே என்றேன். படிவம் ஐந்தில் தமிழ் இலக்கியம் எடுத்திருக்கும் மூத்தவனோ, அதுவும் இரண்டே அசை என்கிறான். யார் சரி?

மூவருமே. சூக்கு காத்தா வாயின் கணக்கு. நடுவில் ஓர் உயிர், அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும் மெய்கள். பி-னாங்-கு மூன்று. மலாயில் கடைசி உகரம் கிடையாது, ஆகவே இரண்டு. மலாய்க்காரர்களின் பந்துன் என்ற பாட்டு வகை இந்தக் கணக்கில்தான் நடக்கிறது, அடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை.

மூத்தவன் எண்ணியது யாப்பின், அதாவது செய்யுள் இலக்கணத்தின் அசை. குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் யாப்பு இரண்டையும் சேர்த்து நிரை என்றுவிடும், மெய்யெழுத்தைக் கண்டுகொள்ளாது. 'பினாங்' நிரை, தனியே நிற்கும் 'கு' நேர், இரண்டும் சேர்ந்த சீருக்குப் பெயர் புளிமா. தொல்காப்பியர் இன்னும் சிக்கனம்: குறுகி ஒலிக்கும் கடைசி உகரமான குற்றியலுகரத்தையும் உள்ளே இழுத்து நிரைபு என்று ஒரே அசையாக்கிவிடுவார். அந்தப் பழைய கணக்கு வெண்பாவின் கடைசிச் சீரில் 'பிறப்பு' என்ற வாய்பாடாக இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆக, உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு வெண்பாவை முடிக்கலாம். சீருக்குச் சீர் இணைப்பான தளை தட்டினால் நான் பொறுப்பல்ல.

செந்தூல் வாசகி: தாத்தா 'இஸ்கூல்' என்பார். வீட்டில் எல்லாரும் சிரிப்போம்.

சிரிக்காதீர்கள். சொல் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வருவதைத் தமிழ் ஏற்பதில்லை, தாத்தா முன்னால் ஓர் இகரம் வைத்துச் சமாளித்தார். லத்தீன் 'ஸ்கோலா'வைப் போர்த்துகீசியர் 'எஸ்கோலா' ஆக்கியதும் இதே வைத்தியம்தான். அதை வாங்கிய மலாய், உயிரை இடையில் நுழைத்துச் 'செக்கோலா' என்றது. 'ஸ்டாம்ப்' பாடு இன்னும் மோசம்: முன்னால் பிரிந்து, பின்னால் ஒரு மெய்யையும் பறிகொடுத்துச் 'செத்தெம்' ஆனது. ஹவாய் மொழியில் (வாயின் கணக்கு) அசை மெய்யில் முடியவே கூடாது, அங்கே கிறிஸ்துமஸ் 'கலிகிமகா'.

தமிழுக்குச் சொல்லின் நடுவில் மட்டும் தாராளம். 'வாழ்க்கை'யில் ழ், க், க் என்று மூன்று மெய் வரிசையாக நிற்கின்றன. அதிலும் ஒரு கறார் உண்டு: இப்படி ஈரொற்றுக்கு முன்னால் நிற்க ய், ர், ழ் மூன்றுக்குத்தான் அனுமதி.

அதே வாசகி: வாயின் கணக்கில் ஆங்கில 'ஸ்ட்ரெங்த்ஸ்' எத்தனை அசை?

ஒன்று. உயிர் ஒன்றுதானே இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: என் சீன நண்பரின் குடும்பப் பெயர் 'ங்'. உயிரே இல்லாதது எப்படி அசையாகும்?

ஆகும். உயிர் இல்லாத இடத்தில் மூக்கொலியே அதன் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். செக் மொழியில் ர் இந்த வேலையைச் செய்கிறது. 'விரலைத் தொண்டைக்குள் விடு' என்ற முழு வாக்கியத்தையே அவர்கள் ஓர் உயிரும் இல்லாமல் சொல்வார்கள். நாம் 'இங்' என்கிறோம், நண்பரும் பெருந்தன்மையாகத் திரும்பிப் பார்க்கிறார். சரியாகக் கூப்பிட ஆசையா? 'சங்கு' என்று சொல்லப்போய், 'கு' வருவதற்கு முன் நிறுத்தி, அந்த மூக்கொலியை மட்டும் நீட்டுங்கள்.